ஜன்னல் வழியே கசிந்த ஐந்து சொற்கள்

அனுப்புநர்:
கண்ணாடிக் கடைக்காரரின் இளைய மகன்,
புள்ளிவிவர உதவியாளர், குடிநீர் வழங்கல் அலுவலகம்,
சமுதாயக் கூடத்துக்கு எதிர் வீடு, ஆறாவது வட்டம்.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: பெருந்தொற்றுக் காய்ச்சலுக்குப் பிந்தைய ஞாபகக் கணக்கெடுப்பு – ஆறாவது வட்டத்தின் முடிவு தவறு – அம்முடிவை நம்பிப் பகல் அறையை மூட வேண்டாம் என்றும் மறுசோதனை நடத்தும்படியும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வட்ட மருத்துவமனை வாசலில் ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு.
2. சமுதாயக் கூடத்தின் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாதது பற்றி நான் முன்பு அனுப்பி, பதில் வராத மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கையெழுத்தைத் தங்கள் அலுவலகம் அறியும். சாக்கடை மூடி, பேருந்து நிறுத்தத்தின் கூரை, குப்பை வண்டி வரும் நேரம் எனப் பல பொருள்களில் எழுதியிருக்கிறேன். வந்த பதில்களையும் வராத பதில்களையும் நான் மறக்கவில்லை. ஆனால் பார்வை இரண்டைத் தவிர வேறு எதையும் இங்கே கிளறப் போவதில்லை. பழைய மனுக்களைக் கோபத்தில் எழுதினேன். இதை அப்படி எழுதவில்லை. சில மாதங்களாக நான் ஓரளவு நிம்மதியாக இருக்கிறேன். அந்த நிம்மதி தங்கள் துறை நடத்தும் ஓர் அறையில் கிடைக்கிறது. இந்த மாத இறுதியில் அதை மூடுவதாகத் தாங்கள் அறிவித்திருப்பதால் எழுதுகிறேன்.

1. பெருந்தொற்று ஓய்ந்த பிறகு, காய்ச்சல் வந்து போனவர்களுக்கு மற்றவர்களைவிட ஞாபக மறதி நோய் அதிகம் வருகிறதா என்று பார்க்கத் தங்கள் துறை ஆண்டுதோறும் ஒவ்வொரு வட்டத்திலும் வயதானவர்களை அழைத்துச் சோதனை செய்கிறது. நல்ல ஏற்பாடு. இதன் அவசியம் எங்கள் தெருவில் பலருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிகிறது. ஒருவருக்கு மறதி வந்தால், அது காய்ச்சலால் வந்ததா, வயதால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று அவரை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மறதி வந்தது. முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, அவருடைய டாக்டருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, பல ஆண்டுகள் பொறுமையாக எண்ணிப் பார்த்தால்தான் ஏதாவது தெரியவரும். புள்ளியியலில் முதுகலை முடித்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். அந்தப் படிப்புக்கேற்ற பதவி எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது வேறு மனு.

2. சமுதாயக் கூடத்தில் நடக்கும் இந்தச் சோதனை எளிமையானது. செவிலியர் ஐந்து சொற்களைச் சொல்வார். திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு தேதி கேட்பார், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார், ஒரு படம் வரையச் சொல்வார். இவற்றுக்கெல்லாம் பிறகு, அந்த ஐந்து சொற்கள் என்னவென்று மறுபடி கேட்பார். மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இந்தச் சொற்களுக்கே. முதல் ஆண்டு முதல் இன்றுவரை அவை மாறவில்லை: குடை, பாலம், எலுமிச்சை, சட்டை, ஆணி. இதை எழுத நான் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அதுதான் என் புகார்.

3. பெருந்தொற்று நாட்களில், காய்ச்சல் கண்டவர்கள் சமுதாயக் கூடத்துக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும், முறை வரும்வரை வெளியே தனியாக உட்கார வேண்டும் என்று ஓர் ஒழுங்கு இருந்தது. பயம் போய் எத்தனையோ நாளாகிவிட்டது, ஒழுங்கு போகவில்லை. இன்றும் காய்ச்சல் வராதவர்களுக்குக் காலையில் சோதனை, வந்தவர்களுக்குப் பிற்பகலில். யாரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டில் இருந்து என்ன செய்வது என்று பிற்பகல்காரர்களும் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் போட்டிருக்கும் பெஞ்சு, கூடத்தின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, ஒரு ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை (பார்வை 2). வயதானவர்களுக்குக் காது மந்தம் என்பதால் செவிலியர் நல்ல கணீரென்ற குரலில் பேசுகிறார். காலையில் எத்தனை பேருக்குச் சோதனை நடக்கிறதோ, அத்தனை முறையும் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் குடையும் பாலமும் எலுமிச்சையும் வந்து சேர்கின்றன. அவர்கள் ஒட்டுக் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

4. இதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இதைப் பரீட்சையாக்கிவிட்டார். அவரைத் தெருவில் 'மைக்' என்பார்கள். காரணம் விளக்கத் தேவையில்லை. சங்கக் கூட்டத்தில் அவர் பேசியதை அப்படியே தருகிறேன்: "நம்ம வட்டத்துல ஒருத்தர்கூட ஃபெயில் ஆகக் கூடாது. மத்த வட்டத்துக்காரன் நம்மளப் பாத்து வயிறு எரியணும்." நான் எழுந்து, இது பரீட்சை இல்லை, நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை, இதில் நன்றாக ஃபெயில் ஆகிறவருக்குத்தான் உதவி கிடைக்கும் என்றேன். அதற்கு அவர், "சார், நீங்க நிறையப் படிச்சவரு. உங்களுக்கு எல்லாமே பிரச்சனைதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு, தெருப் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது இந்த ஐந்து சொற்களைச் சொல்லித் தாண்டுகிறார்கள். மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு "குடை?" என்கிறார், பெரியவர் மீதி நான்கையும் சொன்ன பிறகே சில்லறை கைக்கு வருகிறது. கெட்ட எண்ணத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை. எல்லோரும் அன்பாக, சிரித்துக்கொண்டு, கூட்டாகச் சேர்ந்து ஒரு சோதனையைக் கெடுத்திருக்கிறார்கள்.

5. என் அண்ணன் இதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறார். செருப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறார். அண்ணியைச் சில நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்; சில நாள் "நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாக விசாரிக்கிறார். ஆனால் "குடை" என்று யாராவது சொன்னால் போதும். பாலம், எலுமிச்சை, சட்டை, ஆணி என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார். தினமும் காலையில் அவருக்குச் சவரம் செய்துவிடும்போது அண்ணி சொல்லிக்கொடுத்திருக்கிறார். முகத்தில் சோப்பு நுரையோடு பல மாதம் நடந்த பாடம் அது. சோதனையன்று தேதி கேட்டதற்கு, "சுவத்துல காலண்டர் தொங்குது, அதை எதுக்கும்மா நான் தலையில சுமக்கணும்?" என்றாராம். அதில் மதிப்பெண் போயிற்று. சொற்களில் ஒன்றும் போகவில்லை. "உங்க அண்ணன் பாஸ் தம்பி! ஒண்ணு விடாம சொல்லிட்டாரு!" என்று அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதே நேரத்தில், கூடத்தை விட்டு வெளியே வந்த என் அண்ணன், வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பெஞ்சில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசல் அங்கிருந்தே தெரியும்.

6. தங்கள் அறிவிப்பின்படி, ஆறாவது வட்டத்தில் ஞாபகக் குறைவு எதுவும் காணப்படவில்லை. அது மட்டுமன்றி, காய்ச்சல் வந்தவர்களின் சராசரி, வராதவர்களின் சராசரியைவிடச் சற்றே கூடுதல். இதை அப்படியே நம்பினால், ஞாபகசக்தி வளர வேண்டும் என்பவர் காய்ச்சலைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாகிறது. ஐயா, காலையில் உள்ளே போனவர்கள் அந்தச் சொற்களை அன்றைக்கு முதல் முறையாகக் கேட்டார்கள். பிற்பகலில் போனவர்கள் அரை நாள் கேட்ட பிறகு போனார்கள். யார் எவ்வளவு நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத் தங்கள் கணக்கெடுப்பு மிகத் துல்லியமாக அளந்திருக்கிறது. பாராட்டுகிறேன்.

7. இந்த முடிவின் விளைவு வருமாறு. வட்ட மருத்துவமனையின் மாடியில், மறதி நோய் உள்ளவர்களுக்காகத் தாங்கள் நடத்தும் பகல் அறையில் என் அண்ணனின் இடம் 'குறைபாடு இல்லை' என்ற காரணத்தால் ரத்தாகிறது. அவரோடு வருகிறவர்களில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அறைக்குள் யார் நுழைந்தாலும் "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொற்களில் அவருக்கும் முழு மதிப்பெண். எல்லோரும் நலமாக இருப்பதால் அறையே தேவையில்லை என்று முடிவாகியிருக்கிறது.

8. அந்த அறை எனக்கு என்ன என்பதைச் சொல்லாவிட்டால் இந்த மனுவின் அவசரம் தங்களுக்குப் புரியாது. எனவே குடும்ப விஷயத்தைச் சுருக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பா ஜன்னல் கண்ணாடி, நிலைக்கண்ணாடி வெட்டி விற்கும் கடை வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு, நான் முதுகலைத் தேர்வு எழுத வெளியூர் போயிருந்த சமயத்தில், என் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடையை விற்றுவிட்டார். ஊர் திரும்பி, கையில் பையோடு நேராகக் கடைக்குப் போனேன். உள்ளிருந்து முன்பின் தெரியாத ஒருவர், "என்ன சார் வேணும்?" என்று கேட்டார். பையோடு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல், ஒரே தெருவில் இருந்துகொண்டு அண்ணனோடு நான் பேசவில்லை. குடும்பப் புகைப்படங்களில் அவர் ஓர் ஓரம், நான் மறு ஓரம்.

அண்ணி பிற்பகலில் தையல் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறார். எனக்குக் காலை முறைப் பணி. அண்ணனைப் பகல் அறைக்கு அழைத்துப் போய்க் கூட இருக்க முடியுமா என்று அண்ணி கேட்டார். நான் ஒப்புக்கொண்டது பாசத்தால் அல்ல. முடியாது என்று சொல்வதற்கு அண்ணியிடம் பேச வேண்டியிருந்தது. அவரோடும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் சரியென்று தலையை ஆட்டிவிட்டேன்.

முதல் சில வாரங்கள் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் அவர் எழுந்து போய், அறையின் ஜன்னல் கண்ணாடி விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக் கனம் பார்த்துவிட்டு, "இது மூணு மில்லி. நாலுன்னு சொல்லி இவங்க தலையில கட்டிட்டான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம கடை இருந்திருந்தா இப்படி நடக்குமாடா? எவனோ ஒருத்தன் நம்மளக் கேக்காமலே அதை வித்துட்டானே" என்றார். அவன் யாரென்று எனக்குத் தெரியுமா என்றும் கேட்டார். தெரியும் என்றேன். ஆள் எப்படி என்றார். நல்லவன் இல்லை என்றேன். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு பிற்பகலும் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த ஆளைத் திட்டுகிறோம். "அப்பா கண்ணை மூடி வருஷம் திரும்பல, அதுக்குள்ள என்ன அவசரம் அவனுக்கு?" என்பார். "தம்பி ஊர்ல இல்லாத நேரமாப் பாத்துப் பண்ணியிருக்கான் பாரு. நேர்ல நின்னு சொல்லத் துப்பில்லை" என்பார். "அவனைச் சும்மா விடக் கூடாதுடா" என்பார். இத்தனை ஆண்டுகளாக நான் மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த வாக்கியங்கள் அவை. யாரிடமும் சொன்னதில்லை. என் வாக்கியங்களைவிட அவருடையவை நன்றாக இருக்கின்றன. அவருக்கு எப்போதுமே பேச்சுத் திறமை அதிகம். என் அலுவலகத்திலும் வீட்டிலும் இந்த மனத்தாங்கலை யாரும் என்னோடு பகிர்ந்துகொண்டதில்லை. "இன்னுமா அதையே பேசறீங்க" என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். இப்போதுதான் முதல் முறையாக, முழு மனதோடு என் கட்சியில் ஓர் ஆள் இருக்கிறார்.

ஒரு நாள் வேலை முடிந்து எங்களை அழைத்துப் போக வந்த அண்ணி வாசலில் நின்று கேட்டுவிட்டார். நான் தர்மசங்கடமாக எழுந்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இருபது வருஷமா நான் சொல்லணும்னு வச்சிருந்ததையெல்லாம் அவரே சொல்லிக்கிறாரு. எனக்கு வேலை மிச்சம்" என்றார். அண்ணனைத் திருத்த வேண்டுமா என்று அறைப் பொறுப்பிலிருக்கும் செவிலியரைக் கேட்டேன். "விடுங்க சார். திட்டிட்டுப் போற அன்னைக்கு நல்லா சாப்பிடறாரு, நல்லாத் தூங்கறாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

9. அறை மூடப்பட்டால், அண்ணி வேலைக்குப் போகும் நேரத்தில் அண்ணனை வீட்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும், அல்லது அண்ணி வேலையை விட வேண்டும். நான் அவர் வீட்டுக்குப் போய் உட்காரலாமே என்று தாங்கள் கேட்கலாம். முயன்றோம். சொந்த வீட்டுக்குள் அவருக்கு இருப்புக் கொள்வதில்லை. வாசலைத் திறந்துகொண்டு இறங்கிவிடுகிறார். அறை தொடங்குவதற்கு முன்பு ஒரு நாள், தனியாகப் பிரதான சாலையைக் கடந்து பழைய கடைக்குப் போய், இப்போது அங்கே செல்போன் விற்பவரிடம் கண்ணாடி வெட்டும் வைர முனையை எடுத்துத் தரச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார். லாரிகள் போகும் சாலை அது. பகல் அறையில் அவருக்கு வேலை இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளச் செவிலியர் இருக்கிறார். அங்கிருந்து ஒரு முறைகூட அவர் வெளியே போக முயன்றதில்லை.

10. எங்கள் வட்டத்து எண்கள் எங்களோடு நிற்கப் போவதில்லை. அவை நகரத்தின் மொத்தக் கணக்கில் சேரும். அடுத்த பெருந்தொற்று வரும்போது யாரோ ஓர் அதிகாரி அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, இத்தனை அறைகள் வேண்டும், அல்லது வேண்டாம் என்று முடிவெடுப்பார். ஒரு ஜன்னலும் ஒரு பெஞ்சும் சேர்ந்து சொன்ன பொய்தான் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? காய்ச்சலுக்கும் மறதிக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒழுங்காக எண்ணிச் சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன். எண்ணாமல் சொன்னால், தங்களுக்குத் தெரியும், நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

11. எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

(அ) ஆறாவது வட்டத்தில் புதிய சொற்களைக் கொண்டு, வீடு வீடாகச் சென்று, பக்கத்தில் யாரும் இல்லாமல் மறுசோதனை நடத்த வேண்டும். சொற்களை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். சங்கச் செயலாளருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம்.

(ஆ) காய்ச்சல் வந்தவர்களைத் தனியே, கடைசியாக உட்கார வைக்கும் பழக்கத்தைத் துறை எழுத்து மூலம் நிறுத்த வேண்டும். அவர்கள் இத்தனை நாள் ஒதுங்கி உட்கார்ந்தது போதும்.

(இ) மறுசோதனை முடியும்வரை பகல் அறையை மூடக் கூடாது. ரத்தான இடங்களைத் திருப்பித் தர வேண்டும். இதுவே முதன்மையான கோரிக்கை. மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது.

(ஈ) கூடத்தின் ஜன்னலுக்குக் கண்ணாடி போட வேண்டும். அளவு எடுத்தாகிவிட்டது, என் அண்ணன் சாணால் அளந்து சொன்னார், நான் டேப் வைத்துச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. அளவு மறுபக்கத்தில் உள்ளது. நான்கு மில்லி கண்ணாடி போடவும். மூன்று போட்டுவிட்டு நான்கு என்று எழுத வேண்டாம். அவர் கண்டுபிடித்துவிடுவார்.

12. சோதனை நடத்திய செவிலியர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். கொடுத்த சொற்களைத்தான் அவர் சொன்னார். என் அண்ணி மீதும் வேண்டாம். கணவர் தோற்கக் கூடாது என்று நினைத்தது குற்றமாகாது. சங்கச் செயலாளர் மீது நடவடிக்கை வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வேண்டாம்.

தாங்கள் ஒரு பிற்பகல் நேரில் வந்து அந்த அறையில் சற்று உட்கார்ந்து பார்த்தால், இந்த மனுவில் பாதியை நான் எழுதியிருக்கத் தேவையில்லை என்பது விளங்கும். ஓட்டுநர் தங்களை உள்ளே போகச் சொல்வார். தயவுசெய்து போகவும். அங்கே எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

நாள்: மாதத்தின் இரண்டாம் வாரம், வியாழக்கிழமை
இடம்: பகல் அறை, வட்ட மருத்துவமனை மாடி

இப்படிக்கு,
(ஒப்பம்)
முதல் மனுதாரர், தம்பி

(ஒப்பம்)
இரண்டாம் மனுதாரர், அண்ணன்

குறிப்பு: இந்த மனுவை நான் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த என் அண்ணன், யார் மேல் எழுதுகிறாய் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "அவன் மேலதானே? எழுது, நானும் போடறேன்" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். கடை விற்ற பத்திரத்தில் இருக்கும் அதே கையெழுத்து, சிறிதும் மாறவில்லை. அறையை மூடக் கூடாது என்பதில் அவருக்கும் சம்மதம் உண்டு என்பதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கையெழுத்திட்டவர் பேனாவைத் திருப்பித் தந்தார். பிறகு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஆளு கெடச்சா ரொம்ப மெரட்ட வேண்டாம்னு எழுது. அவனுக்கும் வீட்டுல என்ன கஷ்டமோ."

மேற்கண்ட வரி இம்மனுவின் பொருளோடு தொடர்புடையதன்று. எனினும் இரண்டாம் மனுதாரரின் கோரிக்கை என்பதால் பதிவு செய்யப்படுகிறது. முதல் மனுதாரருக்கு இதில் ஆட்சேபணை இல்லை.